ஜெசீரோப் பாறையில் கண்டது உயிரின் தடமா? மாணவர்களுக்கு இதை எவ்வாறு விளக்குவது?

படுவான்கரை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். படுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலையில் தரம் 10, 11 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். செவ்வாய்க் கோளின் ஜெசீரோப் பெருங்குழியில் எடுக்கப்பட்ட ஒரு பாறை மாதிரியைப் பற்றி 2025 செப்டெம்பரில் நாசா வெளியிட்ட அறிவிப்பு எமது பத்திரிகைகளிலும் முகநூலிலும் வந்ததிலிருந்து வகுப்பில் அந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. “செவ்வாயில் உயிர் கண்டுபிடிக்கப்பட்டது” என்று தலைப்பிட்ட செய்தியொன்றை ஒரு மாணவி கொண்டுவந்து காட்டினாள். இன்னொருவனோ, அங்கே நீர் இருந்தது என்பதே ஊகம், படங்களில் ஆறுபோலத் தெரிபவை எல்லாம் காற்று அரித்த தடங்கள் என்று ஒரு காணொளியை ஆதாரமாக வைத்து வாதிட்டான். இருவருமே தத்தம் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இவை போதாதென்று, வெலிக்கந்தைப் பக்கத்தில் உறவினர் உள்ள ஒரு மாணவன், “டீச்சர், உயிரைத் தேடிச் செவ்வாய்க்கு ஏன் போக வேண்டும்? அரலகன்விலவில் விழுந்த கல்லிலேயே இருந்ததாமே” என்று கேட்டான். அந்தச் செய்தி வந்த காலத்தில் இவர்கள் சிறு குழந்தைகள். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் அதைப் பேசுவதால் பிள்ளைகளின் காதிலும் விழுந்திருக்கிறது.

மேற்சொன்ன இரண்டு வாதங்களும் பிழை என்பது எனக்குத் தெரிகிறது. ஏன் பிழை என்பதைச் சான்றுகளோடு எடுத்துச் சொல்லவே உதவி கேட்கிறேன். நீர் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல எது இடம் தருகிறது? அந்தப் பாறையில் உண்மையில் எதைக் கண்டார்கள்? கண்ட பின்னும் “உயிர்” என்று சொல்ல ஏன் தயங்குகிறார்கள்? அரலகன்விலவில் விழுந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பொலன்னறுவைக் கல்லைப் பற்றி இன்றைய நிலைப்பாடு என்ன? வெறும் இணைப்புகளை இடாமல், விளங்கும்படி எழுதி உதவினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரைவாகு (கல்முனை) எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். நான் நீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மண்ணோடும் பாறையோடும் வேலை செய்து பழகியவன் என்பதால் அந்தப் பகுதியே எனக்குக் கைவந்தது. உயிரைப் பற்றி இரசாயனவியல் கற்றவர்கள் எழுதுவதுதான் பொருத்தம்.

காணொளி காட்டிய மாணவனை ஒரேயடியாகத் தட்டிக் கழிக்காதீர்கள். ஒரு காலத்தில் அவனுடைய ஐயம் முற்றிலும் நியாயமானதாக இருந்தது. 1971 ஆம் ஆண்டு செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மரினர் 9 விண்கலம் அனுப்பிய படங்களில் கிளை பிரிந்தோடும் பள்ளத்தாக்குகளும் அகன்ற வறண்ட வாய்க்கால்களும் தெரிந்தன. ஆயினும் வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. எரிமலைக் குழம்பும் வாய்க்கால் வெட்டும். காற்றும் பாறையைச் செதுக்கும். எனவே தரையில் இறங்கி, பாறை எந்தக் கனிப்பொருள்களால் ஆனது என்று பார்க்க வேண்டியிருந்தது. நீர் தொடாமல் உருவாகவே முடியாத கனிப்பொருள்கள் சில உண்டு. அவை அகப்பட்டால் வாதத்துக்கு இடமில்லை.

2004 ஆம் ஆண்டு சனவரியில் மெரிடியானிச் சமவெளியில் இறங்கிய ஒப்பச்சுனிட்டி ஊர்திக்கு அவ்வாறான இரண்டு பொருள்கள் அகப்பட்டன. ஒன்று, சில மில்லிமீற்றர் விட்டமுள்ள ஹெமற்றைற்று உருண்டைகள். நிலத்தடி நீர் பாறையின் நுண்துளைகளில் ஊறி, இரும்பைக் கரைத்துக் கொண்டுவந்து, ஒரு புள்ளியைச் சுற்றிப் படையாகப் படியவிடும்போது இத்தகைய உருண்டைகள் விளைகின்றன. மற்றது ஜரோசைற்று என்னும் இரும்புச் சல்பேற்று. அதன் பளிங்கமைப்புக்குள் ஐதரொட்சில் கூட்டம் கட்டுண்டிருப்பதால், நீரின்றி அது பிறக்க வழியில்லை. அதிலும் அமிலத்தன்மை மிகுந்த நீர் வேண்டும். ஆகவே அங்கே நீர் இருந்தது, ஆனால் அது கடுமையான நீர்.

2012 ஆம் ஆண்டு ஆகஸ்டில் கியூரியோசிட்டி ஊர்தி இறங்கிய கேல் பெருங்குழியின் கதை வேறு. 154 கிலோமீற்றர் அகலமுள்ள அந்தக் குழியில், இறங்கிய சில வாரங்களுக்குள்ளேயே, உருண்டு வழவழப்பான கூழாங்கற்கள் சிமெந்திட்டதுபோல் ஒட்டிக் கிடந்த பாறைத்தட்டுகளை ஊர்தி படம் பிடித்தது. அந்தக் கற்கள் காற்றினால் தூக்கிச் செல்ல முடியாத அளவு பெரியவை. கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழமுள்ள ஓடை அவற்றை உருட்டிக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். 2013 ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதே குழியில் துளையிட்டு எடுத்த சேற்றுப் பாறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு களிமண் கனிப்பொருள்களாக இருந்தது. உப்பும் அமிலமும் குறைந்த, நன்னீர் என்று சொல்லத்தக்க ஏரி நீரில் நெடுங்காலம் கிடந்தால்தான் அப்படியான களிமண் கிடைக்கும்.

இனி நான் சொல்லப்போவதை உங்கள் மாணவர்கள் தம் கண்ணாலேயே பார்க்கலாம். சிறுபோக அறுவடை முடிந்து, மாரி தொடங்குவதற்கு முன், உன்னிச்சைக் குளத்திலோ நவகிரிக் குளத்திலோ நீர் வற்றிய ஓரத்தில் இறங்கி நடந்தால் வெடித்த சேறு பாளம் பாளமாகக் கிடக்கும். வெடிப்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களைக் குனிந்து கவனியுங்கள். புதிதாக ஒரு முறை மட்டும் காய்ந்த சேற்றில் ஒரு வெடிப்பு மற்றொன்றின்மீது ஏறத்தாழச் செங்கோணத்தில் போய் முட்டி நிற்கும். நனைந்தும் காய்ந்தும் பலமுறை மாறிய சேற்றில் அந்த முட்டுகள் மெல்ல மெல்ல இளகி, மூன்று வெடிப்புகள் 120 பாகைக் கோணத்தில் கூடும் சந்திகளாக மாறும். பாளங்களும் அறுகோண வடிவை நெருங்கும். கியூரியோசிட்டி 2021 இல் கேல் பெருங்குழியில் படம் பிடித்த, சுமார் 4 சென்ரிமீற்றர் அகலமுள்ள பாளங்களில் இந்த 120 பாகைச் சந்திகள்தான் இருந்தன. அவ்வாய்வு 2023 இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. 360 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு கரையில் நீர் ஏறியும் வற்றியும், மீண்டும் ஏறியும் வற்றியும் மாறி மாறி வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் அறியேன். பிள்ளைகளிடம் ஒரு பாகைமானியைக் கொடுத்து அனுப்புங்கள்; காணொளிக்கான பதிலை அவர்களே அளந்துகொண்டு வருவார்கள்.

அந்த நீர் எங்கே போனது என்று அடுத்துக் கேட்பார்கள். செவ்வாயின் வளிமண்டல அமுக்கம் இன்று சுமார் 6 மில்லிபார் மட்டுமே. எமது கடல் மட்டத்தில் அது 1013 மில்லிபார். அவ்வளவு தாழ்ந்த அமுக்கத்தில் திரவ நீர் நிலைத்து நில்லாது. உறையும், அல்லது ஆவியாகும். செவ்வாயின் காந்தப்புலம் சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓய்ந்ததும், சூரியக் காற்று வளிமண்டலத்தைச் சிறிது சிறிதாகப் பிய்த்துச் சென்றது. 2014 செப்டெம்பரில் அங்கே சென்றடைந்த மேவன் விண்கலம் அந்த இழப்பை நேரடியாக அளந்தது. இந்தியாவின் மங்கள்யானும் அதே வாரத்தில்தான் செவ்வாயைச் சென்றடைந்தது. எஞ்சியிருக்கும் நீராவியில் பாரமான ஐதரசன், அதாவது டியூட்டீரியம், பூமியின் கடல் நீரில் இருப்பதைப்போல 5 மடங்குக்கும் அதிகம். இலேசான ஐதரசன் தப்பிச் சென்றதால் பாரமானது மிஞ்சிவிட்டது. வேறொரு பங்கு நீர் பாறைகளுக்குள்ளேயே கனிப்பொருள்களாகக் கட்டுண்டிருக்கிறது.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பண்டைய நீர் வேறு, இன்றைய நீர் வேறு. 2015 இல் செவ்வாயின் சரிவுகளில் கோடைதோறும் நீளும் கருங்கோடுகளை உப்புநீர் ஓட்டம் என்று அறிவித்தார்கள். 2017 இல் வந்த ஆய்வு, அவை உலர்ந்த மணல் சரிவதோடுதான் பொருந்துகின்றன என்று காட்டியது. பண்டைய ஏரிகளின் சான்றை இது எவ்வகையிலும் தொடவில்லை. ஆனால் செய்திகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. அந்தக் காணொளியும் அதைத்தான் செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உயர்தர மாணவன் (காத்தான்குடி) எழுதியது:

கரைவாகு ஐயாவுக்கு நன்றி. வெடிப்புகளின் கோணத்தை இவ்வளவு காலமும் கவனிக்காமல் வயல்வெளியில் நடந்திருக்கிறேன் என்பது வியப்பாக இருக்கிறது.

எனக்கொரு கேள்வி. 1976 ஆம் ஆண்டிலேயே வைக்கிங் விண்கலங்கள் செவ்வாய் மண்ணில் உயிர்ச் சோதனை செய்தபோது ஒரு சோதனைக்குச் சாதகமான முடிவு கிடைத்தது என்று படித்தேன். முன்கூட்டியே வகுத்த விதிப்படி முடிவு வந்த பிறகும் அதை ஏற்காமல் விடுவது நேர்மையான நடைமுறையா? ஆய்வாளர்கள் அளவுக்கு மீறி அஞ்சுகிறார்களோ என்று தோன்றுகிறது. ஜெசீரோப் பாறையிலும் அதே அச்சந்தான் தெரிகிறது.

வாவிக்கரை (மட்டக்களப்பு) எழுதியது:

தம்பி கேட்டது நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்கினால் டீச்சரின் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கும் வழி பிறக்கும்.

வைக்கிங் 1 அந்த ஆண்டு யூலை 20 ஆம் திகதியும் வைக்கிங் 2 செப்டெம்பர் 3 ஆம் திகதியும் தரையிறங்கின. நீங்கள் சொல்லும் சோதனையைத் திட்டமிட்டவர் கில்பேர்ட் லெவின். கதிர்த்தொழிற்பாடுடைய காபன் 14 சேர்த்த ஊட்டக் கரைசலை மண்ணில் சில துளிகள் விட்டார்கள். மண்ணில் நுண்ணுயிர் இருந்து அதை உண்டால், கதிர்த்தொழிற்பாடுடைய வாயு வெளிவர வேண்டும். வாயு உடனடியாக வெளிவந்தது. மண்ணை 160 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிய பின் அதே சோதனையைச் செய்தபோது வரவில்லை. விதிப்படி பார்த்தால் இது சாதகமான முடிவே.

ஆனால் அதே விண்கலத்திலிருந்த இன்னொரு கருவி, அந்த மண்ணில் உயிரின் கட்டுமானப் பொருளான சேதனச் சேர்வைகளை ஏறக்குறையக் காணவே இல்லை. கிடைத்த சில குளோரீன் சேர்வைகளும் பூமியிலிருந்து சென்ற துப்புரவுத் திரவியத்தின் மிச்சம் என்று கருதப்பட்டன. உடல் இல்லாத இடத்தில் மூச்சு மட்டும் எப்படி இருக்கும் என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். பதிலின் ஒரு பகுதி 2008 இல் கிடைத்தது. செவ்வாயின் வட துருவத்தை அண்டிய பகுதியில் இறங்கிய பீனிக்ஸ் விண்கலம் மண்ணில் பேர்குளோரேற்று உப்பு இருப்பதைக் கண்டது. அந்த உப்பை வெப்பமேற்றினால் அது ஒட்சிசனை விடுவித்து, கூட இருக்கும் சேதனச் சேர்வைகளை எரித்துவிடும். வைக்கிங் கருவியோ மண்ணை 500 பாகை வரை வெப்பமேற்றித்தான் சோதித்தது. தேடிய பொருளைத் தேடும் முறையே அழித்திருக்கலாம். மறுபுறம், ஒட்சியேற்றும் தன்மையுள்ள அந்த மண், உயிர் எதுவும் இல்லாமலேயே ஊட்டக் கரைசலோடு தாக்கமுற்று வாயுவை வெளியேற்றியிருக்கவும் முடியும். லெவின் 2021 இல் இறக்கும்வரை தம் கருத்தைக் கைவிடவில்லை. பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவும் இல்லை.

தம்பி, இதை அச்சம் என்று நான் சொல்ல மாட்டேன். மண்ணின் இரசாயனவியல் தெரியாமல் உயிரைச் சோதித்தால், சாதகமான முடிவுக்கும் பொருள் இல்லை, பாதகமான முடிவுக்கும் பொருள் இல்லை. அதன் பிறகுதான் தேடலின் ஒழுங்கே மாறியது. முதலில் நீர் இருந்த இடம், அடுத்து உயிர் வாழத்தக்க நிலைமை, அதன் பின்னரே உயிரின் தடம் என்று படிப்படியாக ஏறுகிறார்கள்.

இப்போது ஜெசீரோவுக்கு வருவோம். 45 கிலோமீற்றர் அகலமுள்ள அந்தக் குழியில் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏரி இருந்தது. அதில் ஓர் ஆறு விழுந்து கழிமுகத்தை உண்டாக்கியது. 2021 பெப்ரவரி 18 ஆம் திகதி அங்கே இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, 2024 யூலையில், அந்த ஏரிக்கு நீர் கொண்டுவந்த நெரெற்வா பள்ளத்தாக்கின் ஓரத்தில் அம்பு முனை வடிவான ஒரு பாறையைக் கண்டது. சேயாவா ஃபோல்ஸ் என்று பெயரிடப்பட்ட அப்பாறை சுமார் ஒரு மீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. சேறு இறுகியதால் ஆனது. குறுக்காக வெண்ணிறக் கல்சியம் சல்பேற்று நரம்புகள் ஓடுகின்றன. அவற்றுக்கிடையே செந்நிறப் பரப்பில், சிறுத்தையின் தோலில் உள்ளவை போன்று, வெளிறிய நடுவும் கரிய விளிம்பும் கொண்ட மில்லிமீற்றர் அளவான புள்ளிகள்.

அந்தக் கரிய விளிம்புகளில் இரும்பும் பொசுபேற்றும் செறிந்திருந்தன. விவியனைற்று என்னும் இரும்புப் பொசுபேற்றோடு பொருந்தும் விகிதம். வெளிறிய நடுவில் கிரெய்கைற்று என்னும் இரும்புச் சல்பைட்டோடு பொருந்தும் விகிதம். அதே பாறையிலேயே சேதனக் காபனின் அடையாளமும் கிடைத்தது. இம்மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதுதான் ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

ஏன் என்பதை எமது வாவியோரமே சொல்லும். கண்டல் மரங்களின் அடியில் சேற்றின் மேற்பரப்பு பழுப்பாக இருக்கும். ஒரு சாண் தோண்டினால் கரிய சேறு. அழுகிய முட்டை மணம் மூக்கில் ஏறும். ஒட்சிசன் இறங்காத அந்த ஆழத்தில் நுண்ணுயிர்கள் சேதனப் பொருளை உண்டு, ஒட்சிசனுக்குப் பதிலாக இரும்பு ஒட்சைட்டையும் சல்பேற்றையும் பயன்படுத்திச் சுவாசிக்கின்றன. சல்பேற்று ஐதரசன் சல்பைட்டாகி, அது இரும்போடு சேர்ந்து கரிய இரும்புச் சல்பைட்டாகிறது. பூமியின் ஏரிச் சேறுகளில் விவியனைற்றும் இத்தகைய நிலைமையில்தான் பெரும்பாலும் உருவாகிறது. சேறு, சேதனப் பொருள், தாழ்த்தப்பட்ட இரும்பு, தாழ்த்தப்பட்ட கந்தகம்: சேயாவா ஃபோல்ஸ் பாறையில் கண்ட கூட்டமும் இதுவே.

பின்னர் ஏன் தயக்கம்? உயிரின்றியும் இவை நிகழ முடியுமா என்று பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. உயிரில்லாமல் சல்பேற்றைச் சல்பைட்டாகத் தாழ்த்துவதற்குப் பொதுவாக 150 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். அப்பாறை அவ்வாறு வெந்ததற்கான அடையாளம் தென்படவில்லை. இது உயிர்ப் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. இரும்பின் நிலை அவ்வளவு தெளிவாக இல்லை. சில சேதனச் சேர்வைகள் தாழ்ந்த வெப்பநிலையிலும், போதிய காலம் கிடைத்தால், தாமாகவே இரும்பைத் தாழ்த்தக்கூடும். அந்தச் சேதனப் பொருள்தானும் உயிரிலிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. 1969 இல் அவுஸ்திரேலியாவில் விழுந்த மேர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்களே இருந்தன. அவை உயிரில்லாமல் விண்வெளியில் உருவானவை. ஆகவேதான் 2025 செப்டெம்பர் 10 ஆம் திகதி ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த கட்டுரை, இதை உயிரின் தடமாக இருக்கக்கூடிய ஓர் அறிகுறி என்று மட்டும் சொல்லி நிற்கிறது. டீச்சர், அந்த “இருக்கக்கூடிய” என்ற சொல்லை உங்கள் மாணவி கொண்டுவந்த தலைப்புச் செய்தி விழுங்கிவிட்டது.

முடிவுகட்ட என்ன வேண்டும் என்றும் கேட்பார்கள். நுண்ணுயிர்கள் சல்பேற்றை உண்ணும்போது பாரங்குறைந்த கந்தகம் 32 ஐ விரும்பி எடுத்து, பாரமான கந்தகம் 34 ஐப் பின்னே விடுகின்றன. அந்தச் சமதானி விகிதத்தை மில்லிமீற்றர் புள்ளிக்குள்ளே அளக்க வேண்டும். ஊர்தியில் அதற்கான கருவி இல்லை. பூமியின் ஆய்வுகூடங்களில்தான் உண்டு. அப்பாறையிலிருந்து எடுத்த மாதிரி ஒரு குழாயில் அடைபட்டு இன்னமும் செவ்வாயிலேயே இருக்கிறது.

மல்வத்தை வாசகன் (சம்மாந்துறை) எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். பொலன்னறுவைக் கல்லைப் பற்றி எவரும் இன்னும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். அந்த நாட்களில் இங்கேயும் பலர் அதை உண்மையென்று நம்பினார்கள். இப்போதும் மதிப்போடுதான் மறுக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

2012 டிசம்பர் 29 ஆம் திகதி வானில் ஒரு தீப்பந்தம் தோன்றியதாகவும், அதன்பின் அரலகன்விலப் பகுதியில் கற்கள் கண்டெடுக்கப்பட்டதாகவும் செய்தி வந்தது. கொழும்பில் பிறந்து பிரித்தானியாவில் பேராசிரியராக விளங்கும் சந்திரா விக்கிரமசிங்கவும் அவருடைய சகாக்களும் 2013 சனவரியில், அக்கற்களுக்குள் தயற்றங்களின் புதைபடிவங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். தயற்றம் என்பது சிலிக்கா ஓடுடைய ஒருகல நீர்ப்பாசி. உயிர் விண்வெளி வழியாகப் பரவியது என்ற கொள்கையை அவர் வானியலாளர் பிரெட் ஹொயிலோடு இணைந்து பல பத்தாண்டுகளாக வலியுறுத்தி வந்தவர்.

மறுப்புகள் மூன்று திசைகளிலிருந்து வந்தன. அந்தக் கல் விண்கல்தான் என்பதே நிறுவப்படவில்லை என்பது முதலாவதும் முக்கியமானதும் ஆகும். ஒரு விண்கல்லை அடையாளம் காண்பதற்கு வழக்கமான சோதனைகள் உண்டு; அவற்றில் அனுபவமுள்ள பிற ஆய்வாளர்கள் அக்கல்லை விண்கல்லாக ஏற்கவில்லை. அடுத்து, படத்தில் தெரிந்த தயற்றங்கள் பூமியின் நன்னீரில் இன்றும் வாழும் வகைகள். சிலவற்றைப் பார்த்தால் கல்லாக மாறியவையாகவே தெரியவில்லை. குளமும் வாய்க்காலும் வயலும் நிறைந்த ஒரு மண்ணில் கிடந்த நுண்துளைக் கல்லுக்குள் நன்னீர்ப் பாசி புகுவதற்கு விண்வெளி தேவையில்லை. மூன்றாவது காரணத்தை நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. தயற்றம் எளிய உயிர் அன்று. பூமியிலேயே கடந்த 20 கோடி ஆண்டுகளுக்குள்தான் அதன் புதைபடிவங்கள் காணப்படுகின்றன. பூமியின் பரிணாமத்தில் இவ்வளவு பிந்தி வந்த ஒன்று, அதே வகையாகவே, தனித்து இன்னோர் உலகிலும் தோன்றியது என்பதற்கு மிகப் பெரிய சான்று வேண்டும்.

விண்கல்தான் என்று உறுதியான கல்லிலேயே இந்த வழக்கு எவ்வளவு சிக்கலாகும் என்பதற்கு வேறொரு உதாரணம் இருக்கிறது. அந்தாட்டிக்காவின் அலன் மலைப் பகுதியில் 1984 இல் எடுக்கப்பட்ட ஏ.எல்.எச். 84001 என்ற கல் செவ்வாயிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. 1996 ஆகஸ்டில் டேவிட் மக்கேயின் குழுவினர் அதில் நுண்ணுயிர்த் தடங்கள் இருப்பதாக அறிவித்தபோது அமெரிக்க சனாதிபதி கிளின்டனே ஊடகங்களுக்கு முன் வந்து பேசினார். காபனேற்று மணிகள், மிகச்சிறு மக்னற்றைற்றுப் பளிங்குகள், புழு வடிவங்கள் என்று அவர்கள் காட்டிய ஒவ்வொன்றுக்கும் பின்னர் உயிரில்லாத விளக்கம் கிடைத்தது. இன்று அதை உயிருக்கான சான்றாகப் பெரும்பாலோர் கொள்வதில்லை. ஆனால் அந்த விவாதம் வீண்போகவில்லை. எந்த அறிகுறியை எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற கேள்விகள் பல அதிலிருந்துதான் கூர்மை பெற்றன. 2021 இல் நாசாவின் ஆய்வாளர்கள் 7 படிகள் கொண்ட ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். அறிகுறி கிடைப்பது அதன் முதற் படி மட்டுமே. மாசு கலக்கவில்லை என்று காட்டுவது அடுத்த படி. பொலன்னறுவைக் கல் அந்த இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டது. வெலிக்கந்தை மாணவனுக்கு இதைச் சொன்னால் ஏற்றுக்கொள்வான்.

படுவான்கரை ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாகைமானியோடு குளத்தோரம் போவதற்கு அதிபரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். மாரிக்கு முன் போக வேண்டும்.

வாவிக்கரை அண்ணன் எழுதியதைப் படித்ததும் இன்னொன்று மனதை உறுத்துகிறது. மாதிரி குழாயில் இருக்கிறது, அளக்கும் கருவி பூமியில் இருக்கிறது என்றால், எடுத்துவருவதற்கு என்ன தடை? வேறு வழியில் இதைத் தேடுவோர் இல்லையா? இதைக் கேட்காமல் பிள்ளைகள் என்னை விடப்போவதில்லை.

கரைவாகு (கல்முனை) எழுதியது:

தடை பணமும் காலமும்தான், டீச்சர். செவ்வாயிலிருந்து ஒரு ரொக்கெற்றை ஏவி, மாதிரிக் குழாய்களைச் சுற்றுப்பாதையில் வேறொரு கலத்துக்குக் கைமாற்றி, பூமிக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு முன் எந்தக் கோளிலிருந்தும் அப்படிச் செய்ததில்லை. நாசாவும் ஐரோப்பிய விண்வெளி முகவரகமும் சேர்ந்து வகுத்த திட்டத்துக்கு 1,100 கோடி டொலர் வரை செலவாகலாம் என்றும், மாதிரிகள் வந்துசேர 2040 ஆகிவிடும் என்றும் 2024 ஏப்ரலில் நாசாவே தெரிவித்து, அது ஏற்கத்தக்கதல்ல என்று மாற்று வழிகளைத் தேடத் தொடங்கியது. சீனா 2028 அளவில் தியன்வென் 3 என்னும் கலத்தை ஏவி, தான் தெரிவுசெய்யும் இடத்திலிருந்து வேறு மாதிரிகளை எடுத்துவரத் திட்டமிட்டுள்ளது. அவை ஜெசீரோவின் மாதிரிகளாக இருக்க மாட்டா. அந்தப் புள்ளிகளுக்குரிய பதில் அந்தக் குழாய்க்குள்தான் இருக்கிறது என்பதால், அது அங்கேயே கிடப்பதை நினைக்க எனக்குப் பெரும் வருத்தம்.

இது செவ்வாயோடு முடிந்த தேடலும் அன்று. சனியின் துணைக்கோளான என்சலடசின் தென் துருவத்திலிருந்து பீறிடும் பனித்தாரைகளை 2005 இல் கசினி விண்கலம் கண்டது. பனி ஓட்டுக்குக் கீழே உப்புநீர்ச் சமுத்திரம் இருக்கிறது. அந்தத் தாரையில் ஐதரசன் இருப்பது 2017 இலும், பனித்துகள்களில் பொசுபேற்று இருப்பது 2023 இலும் அறிவிக்கப்பட்டன. வியாழனின் துணைக்கோள் யூரோப்பாவை நோக்கி 2024 ஒக்ரோபர் 14 ஆம் திகதி புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030 இல் வியாழனைச் சென்றடையும். இவை பண்டைய நீரைத் தேடுவன அல்ல. இன்றும் திரவமாக இருக்கும் நீரைத் தேடுவன. மாணவர்களிடம் அந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லுங்கள்.

வாவிக்கரை (மட்டக்களப்பு) எழுதியது:

கரைவாகு ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். செவ்வாயிலேயே வைத்துச் சோதிக்கும் அடுத்த முயற்சி ஐரோப்பாவின் ரொசலின்ட் பிராங்க்ளின் ஊர்தி; 2028 இல் ஏவத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதன் சிறப்பு, 2 மீற்றர் ஆழம் வரை துளையிட்டு மாதிரி எடுக்கும் துரப்பணம். பெர்சிவரன்ஸ் எடுப்பது மேற்பரப்பிலிருந்து சில சென்ரிமீற்றர் ஆழத்துக்குள் மட்டுமே. வளிமண்டலம் மெலிந்த, காந்தப்புலம் அற்ற ஒரு கோளில் அண்டக் கதிர்கள் தடையின்றித் தரையில் விழுந்து, மேற்பரப்பை ஒட்டியுள்ள பெரிய சேதன மூலக்கூறுகளை கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிதைத்துவிடுகின்றன. கியூரியோசிட்டி எடுத்த ஒரு மாதிரியில் 10 முதல் 12 காபன் அணுக்கள் கொண்ட சங்கிலிகள் இருந்ததாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். செவ்வாயில் இதுவரை கண்ட மிகப் பெரிய சேதன மூலக்கூறுகள் அவைதான். அவை பூமியில் கொழுப்பமிலங்களின் சிதைவிலிருந்தும் கிடைக்கும், உயிரில்லாத தாக்கங்களிலிருந்தும் கிடைக்கும். கதிர்கள் எட்டாத 2 மீற்றர் ஆழத்தில் இதைவிட நீண்ட சங்கிலிகள் சிதையாமல் இருந்து, அவற்றின் காபன் எண்ணிக்கையில் ஒற்றையைவிட இரட்டை மிகுந்திருந்தால், உயிரில்லாத விளக்கத்துக்கு இடம் மிகவும் சுருங்கும். ஏனெனில் உயிர்க் கலம் கொழுப்பமிலத்தை இரண்டிரண்டு காபன்களாகச் சேர்த்தே கட்டுகிறது. உயர்தர வகுப்புக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்கு இந்த இடத்தைச் சற்று விரிவாகச் சொல்லுங்கள், டீச்சர். சேதன இரசாயனத்தில் அவர்கள் படிக்கப்போகும் அற்கேன்களும் காபொட்சிலிக் அமிலங்களும்தான் இவை.